கேஸ் கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்: சட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்ட ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் சட்டம் படித்த காலத்தில், கட்டாயக் கருத்தடை செல்லும் என்று முடிந்த 'பக் எதிர் பெல்' வழக்கு எங்கள் வகுப்பில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "மூன்று தலைமுறை மூடர்கள் போதும்" என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1927இல் எழுதினார், அது தவறான தீர்ப்பு, சரி, அடுத்த வழக்குக்குப் போவோம் என்று கடந்துவிட்டோம். பாடம் எடுத்தவர் நல்ல ஆசிரியர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பல வருடங்கள் கழித்து, அந்த வழக்கில் யார் யார் சாட்சி சொன்னார்கள், யார் வாயே திறக்கவில்லை என்பதையெல்லாம் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கம் போனது. அந்தத் தீர்ப்பு ஒரு நீதிபதியின் வாய்க்கொழுப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் பல வருடச் சட்ட வேலை இருந்தது.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கட்டாயக் கருத்தடையின் வரலாற்றை மருத்துவ அறம் பற்றிய பாடத்தில் ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறோம். அதை நடைமுறைச் சட்டப் பாடத்துக்குக் கொண்டுவாருங்கள். வக்கீலாகப் போகும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம் அது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் வழக்கமாக இரண்டு இடங்களில் ஒதுங்கிக்கொள்கிறோம். ஒன்று, 'அது போலி விஞ்ஞானம்' என்பது. 1883இல் பிரான்சிஸ் கால்டன் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார், ஆடு மாடுகளில் நல்ல வித்தைத் தேர்ந்தெடுப்பதுபோல மனிதரிலும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கூட்டம் நம்பியது, அறிவியல் வளர்ந்ததும் அந்த மயக்கம் தெளிந்தது என்று முடித்துவிடுகிறோம். இன்னொன்று, 'அது ஹிட்லர் செய்தது' என்பது. இரண்டும் நம் தொழிலுக்கு வசதியானவை. பழி மருத்துவர்கள் மேலோ ஒரு சர்வாதிகாரி மேலோ போய்விடும். கறுப்பு அங்கி போட்ட நாம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

நடந்தது என்ன? 1899இலிருந்தே இந்தியானா மாநிலத்தின் ஜெபர்சன்வில் சீர்திருத்தச் சிறையில் ஹாரி ஷார்ப் என்ற மருத்துவர் கைதிகளுக்குக் கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்தார். அப்போது அதற்குச் சட்டமே கிடையாது. 1907இல்தான் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. உலகின் முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் அதுதான். கத்தி முன்னே போனது, சட்டம் பின்னால் வந்து அதற்குக் கையெழுத்துப் போட்டது. கலிபோர்னியா 1909இல் சேர்ந்துகொண்டது, மற்ற மாநிலங்களும் வரிசையாக வந்தன.

ஆனால் முதல் பத்துப் பதினைந்து வருடங்கள் பெரும்பாலான நீதிமன்றங்கள் இந்தச் சட்டங்களுக்கு வளைந்துகொடுக்கவில்லை என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்வதில்லை. 1913இல் நியூஜெர்சி நீதிமன்றம் ரத்து செய்தது. அயோவா, மிஷிகன், நியூயார்க், நெவாடா என்று தொடர்ந்து, 1921இல் இந்தியானாவின் சட்டத்தையே அதன் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அரசு விடுதியில் அடைபட்டவர்களுக்கு மட்டும் இது ஏன், வெளியே இருப்பவர்களுக்கு ஏன் இல்லை என்று நியூஜெர்சி கேட்டது. அறுவைக்கு ஆளாகப்போகிறவருக்கு நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பே இல்லையே என்று இந்தியானா கேட்டது. நல்ல கேள்விகள். நாம் பெருமையோடு மேற்கோள் காட்டக்கூடிய தீர்ப்புகள்.

அந்தத் தீர்ப்புகளை மிகவும் ஊன்றிப் படித்தவர்கள் யார் என்று பாருங்கள். கருத்தடைச் சட்டம் வேண்டும் என்றவர்கள்தான். நியூயார்க்கில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில் இருந்த யூஜெனிக்ஸ் பதிவகத்தின் ஹாரி லாஃப்லின், அதுவரை வந்த எல்லாச் சட்டங்களையும் வழக்குகளையும் திரட்டி அலசி, 1922இல் ஒரு மாதிரிச் சட்டத்தோடு பெரிய புத்தகமாக வெளியிட்டார். யாருக்கெல்லாம் அறுவை என்ற அவருடைய பட்டியலில் பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், அநாதைகள், வீடற்றவர்கள், பிச்சையெடுத்துப் பிழைப்பவர்கள்வரை இருந்தார்கள். எந்த மாநிலத்தின் சட்டம் எந்த ஓட்டையால் கவிழ்ந்தது, அதை எப்படி அடைப்பது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் உயிர். குறையைச் சுட்டிக்காட்டிய தீர்ப்புகளே அடுத்த சட்டத்துக்கு வரைவுக் குறிப்பாகிவிட்டன. இந்த ஒரு இடத்தில் வகுப்பை நிறுத்தி மாணவர்களை யோசிக்க விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நடைமுறைக் குறையை மட்டும் சொல்லி ஒரு அநியாயத்தை ரத்து செய்தால், அநியாயக்காரர் குறையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவார்.

திரும்பி வந்த இடம் வர்ஜீனியா. அங்கே லிஞ்ச்பர்க் பக்கத்தில் வலிப்பு நோயாளிகளுக்கும் 'புத்தி மந்தமானவர்களுக்கும்' என்று மாநில அரசு நடத்திய ஒரு விடுதி. அதன் கண்காணிப்பாளர் ஆல்பர்ட் பிரிடி, சட்டம் இல்லாமலேயே பெண்களுக்கு அறுவை செய்து, அதற்காக வழக்கையும் சந்தித்தவர். வழக்கில் தப்பித்துக்கொண்டார். ஆனால் சட்டம் வராமல் இனி செய்யாதே என்று நீதிபதி எச்சரித்து அனுப்பினார். பிரிடி வக்கீலிடம் போனார். விடுதியின் வக்கீல் ஆப்ரி ஸ்ட்ரோட், லாஃப்லினின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தை வரைந்தார். 1924 மார்ச் 20 அன்று அது ஒப்புதல் பெற்றது. அதே நாளில் வெள்ளையரும் மற்றவரும் மணம் செய்யக்கூடாது என்ற இனத்தூய்மைச் சட்டமும் அந்த மாநிலத்தில் ஒப்புதல் பெற்றது.

ஸ்ட்ரோட் வரைந்த சட்டத்தை எடுத்துப் படியுங்கள். முன்னறிவிப்பு உண்டு. காப்பாளர் உண்டு. விடுதி வாரியத்தின் முன் விசாரணை உண்டு. சாட்சியம் எழுத்தில் பதிவாக வேண்டும். வட்டார நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு, அதிலிருந்து மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு இன்னொரு மேல்முறையீடு. இயற்கை நீதி பாடத்தில் நீங்கள் கரும்பலகையில் எழுதும் எல்லாமே அதில் இருக்கிறது.

இப்படி ஒரு சட்டம் செல்லுமா என்று சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கேரி பக் கிடைத்தாள்.

கேரிக்கு அப்போது 17 வயது. சின்ன வயதிலேயே வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று வளர்ப்புப் பெற்றோர் பள்ளியை நிறுத்தினார்கள். 1923இல் அந்த வீட்டு உறவுக்காரப் பையன் ஒருவன் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று கேரி பிற்காலத்தில் சொன்னார். வயிறு தெரிய ஆரம்பித்ததும், இவளுக்குப் புத்தி சரியில்லை, வலிப்பும் இருக்கிறது என்று அந்த வீட்டாரே மனுப் போட்டார்கள். கேரியின் தாய் எம்மா ஏற்கனவே அதே விடுதியில் அடைபட்டிருந்தார். 1924 மார்ச் மாதம் குழந்தை விவியன் பிறந்தது. பாட்டி, தாய், பேத்தி. சட்டத்துக்குத் தேவையான மூன்று தலைமுறையும் கிடைத்துவிட்டது.

வழக்கு 1924 நவம்பரில் ஆம்ஹர்ஸ்ட் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தது. அரசுத் தரப்பில் ஸ்ட்ரோட் வரிசையாகச் சாட்சிகளை ஏற்றினார். பலருக்குக் கேரியைச் சரியாகத் தெரியவே தெரியாது. குழந்தையைப் பார்த்த சமூகப் பணியாளர், அதன் பார்வையில் ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றார். குழந்தைக்கு எட்டு மாதம்கூட நிறையவில்லை. லாஃப்லின் நேரில் வரவில்லை. கேரியை ஒரு தடவைகூடப் பார்க்காமல், எழுத்து மூலம் வாக்குமூலம் அனுப்பினார். இந்தக் குடும்பம் தெற்கத்திய வெள்ளையரில் உதவாக்கரையான, சமூக விரோதமான வர்க்கத்தைச் சேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தார். தகவல் எங்கிருந்து? பிரிடி அனுப்பிய குறிப்பிலிருந்து. அதாவது வழக்குப் போட்டவரின் பேச்சு, நிபுணர் வாய் வழியாக, சான்றாகத் திரும்பி வந்தது.

அப்புறம் கேரியின் வக்கீல். பெயர் இர்விங் வைட்ஹெட். அந்த விடுதியின் நிர்வாகக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்தவர். எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்ட்ரோட்டின் நெடுநாள் நண்பர். அவருக்குக் கட்டணம் கொடுத்ததே விடுதிதான். அவர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. பள்ளி ஆசிரியை கேரியைப் பாராட்டி எழுதிய குறிப்பு இருந்தது, அதைக் காட்டவில்லை. குழந்தை எப்படி உண்டானது என்று கேட்கவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே, வைட்ஹெட்டும் ஸ்ட்ரோட்டும் சேர்ந்தே விடுதி வாரியத்தின் முன் உட்கார்ந்து, இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போக மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். வாரியத்தின் குறிப்பேட்டில் அது பதிவாகி இருக்கிறது. ஒளித்துவைக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் தீர்ப்பைப் படித்தால் தெரியாது. 1927 மே 2 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்த அந்தத் தீர்ப்பு மூன்று பக்கத்துக்கு மேல் இல்லை. நடைமுறையில் ஒரு குறையும் இல்லை என்று ஹோம்ஸ் திருப்தியோடு எழுதுகிறார். காகிதத்தைப் பார்த்தால் உண்மைதான், எல்லாப் படியும் ஏறித்தான் வழக்கு வந்திருக்கிறது. அடுத்து, கட்டாயத் தடுப்பூசியை ஏற்கும் கொள்கை கருக்குழாயை வெட்டுவதையும் தாங்கும் என்கிறார். அவர் காட்டும் முன்தீர்ப்பு 1905இல் வந்த ஜேக்கப்சன் வழக்கு. அதில் தடுப்பூசி போட்டுக்கொள்ள மறுத்தவருக்கு விதித்தது 5 டாலர் அபராதம். அவரைப் பிடித்துவைத்து யாரும் ஊசி குத்தவில்லை. அபராதத்துக்கும் அறுவைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஹோம்ஸ் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். சமத்துவப் பாதுகாப்பு என்ற வாதத்தையோ, அரசியல் சட்ட வழக்குகளில் வேறு வழியில்லாதவர்கள் கடைசியாகப் பிடிக்கும் கொம்பு என்று ஒதுக்கினார். நீதிபதிகள் பிராண்டைஸ், ஸ்டோன், தலைமை நீதிபதி டாஃப்ட் எல்லோரும் கூடவே கையெழுத்துப் போட்டார்கள். பியர்ஸ் பட்லர் ஒருவர்தான் உடன்படவில்லை. அவரும் காரணம் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அக்டோபர் 19 அன்று கேரிக்கு அறுவை நடந்தது. செய்தவர் ஜான் பெல், வழக்கின் தலைப்பில் இருக்கும் அதே பெல். பிரிடி இடையில் இறந்துபோனதால் அவர் இடத்துக்கு வந்தவர். விவியன் பள்ளியில் சேர்ந்தாள், நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் பெயர் வந்தது, எட்டு வயதில் குடல் நோயால் இறந்தாள். தன் பிள்ளையைத் தாய்க்கு அதிகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

கேரியின் தங்கை டோரிஸுக்கு 1928இல் அதே விடுதியில் அறுவை நடந்தது. அவளிடம் சொன்னது, குடல்வால் ஆபரேஷன் என்று. கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார், கிழவியான பிறகுதான் உண்மை தெரிந்தது.

இந்தக் குடல்வாலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு இடத்தில் வரும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1928இல் சட்டம் இயற்றியது. 1972வரை அது அமலில் இருந்தது, 2,800க்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை நடந்தது. அங்கே ஒரு விடுதியில் வளர்ந்த லெய்லானி முயர் என்ற சிறுமிக்கு 1959இல், 14 வயதில், கருக்குழாயை வெட்டினார்கள். குடல்வால் ஆபரேஷன் என்றார்கள். பெரியவளானதும் பரிசோதித்தபோது, அவருடைய அறிவுத்திறன் எல்லோரையும்போலத்தான் இருந்தது. அவர் மாகாண அரசின் மேல் வழக்குப் போட்டு 1996இல் ஜெயித்தார். ஏறத்தாழ 7,40,000 கனடிய டாலர் இழப்பீடு கிடைத்தது.

மூன்றாவது இந்தியானா, 1971. ஒரு தாய் தன் 15 வயது மகளுக்குக் கருத்தடை செய்ய அனுமதி கேட்டு நீதிபதி ஹெரால்ட் ஸ்டம்ப்பிடம் ஒரு மனுவைக் கொடுத்தார். பெண்ணுக்குப் புத்தி கொஞ்சம் மந்தம் என்று மனு சொன்னது. அவளோ பள்ளியில் வகுப்புத் தோழிகளோடு சேர்ந்து வருடா வருடம் தேறி வந்தவள். வழக்கு எண் இல்லை, அறிவிப்பு இல்லை, காப்பாளர் இல்லை, விசாரணை இல்லை. நீதிபதி கையெழுத்துப் போட்டார். குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி அவளைக் கூட்டிப்போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை இல்லையே என்று மருத்துவரிடம் போனபோது தெரிந்தது. வழக்குப் போட்டார். 'ஸ்டம்ப் எதிர் ஸ்பார்க்மன்', 1978. நீதிபதி செய்தது நீதித்துறைச் செயல்தான், அவர்மேல் வழக்குப் போட முடியாது என்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளின் விலக்குரிமை பற்றிய பாடத்தில் இந்த வழக்கை நீங்கள் நடத்துகிறீர்கள். விலக்குரிமையின் எல்லை எது என்ற கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய்யைப் பற்றியும் பேசுங்கள்.

ஏனென்றால் அந்தப் பொய் தற்செயலானது இல்லை. வர்ஜீனியாவிலும் ஆல்பர்ட்டாவிலும் சட்டமே அனுமதித்த காரியத்துக்கு எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாதவள் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வாள்? பிரிவு பிரிவாக எழுதிவைத்த உரிமை முழுவதையும் 'குடல்வால்' என்ற ஒரு சொல் செல்லாததாக்கிவிட்டது. ஜப்பானில் இது அரசு உத்தரவாகவே வந்தது. 1948இல், மனித உரிமைகளை உறுதி செய்யும் புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்த அடுத்த வருடம், அந்த நாடு 'யூஜெனிக் பாதுகாப்புச் சட்டம்' இயற்றியது. தேவைப்பட்டால் கட்டிப்போடலாம், மயக்க மருந்து கொடுக்கலாம், ஏமாற்றவும் செய்யலாம் என்று 1953இல் அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சட்டம் 1996வரை இருந்தது. ஏறத்தாழ 25,000 பேருக்கு அறுவை நடந்தது, அதில் சுமார் 16,500 பேரிடம் சம்மதம் கேட்கவே இல்லை.

ஜெர்மனியைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1933 ஜூலை 14 அன்று வந்த சட்டம் அங்கே பரம்பரை ஆரோக்கிய நீதிமன்றங்களை அமைத்தது. ஒரு நீதிபதி, இரண்டு மருத்துவர்கள், மேல்முறையீட்டுக்குத் தனி நீதிமன்றம். சுமார் 4 லட்சம் பேர் இந்த வழியாக மலடாக்கப்பட்டார்கள். வதை முகாமுக்குப் போக நீதிமன்றம் தேவைப்படவில்லை, இதற்கு மட்டும் நீதிமன்றம் இருந்தது. லாஃப்லினின் மாதிரிச் சட்டத்தின் சாயல் அதில் உண்டு. 1936இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. போருக்குப் பின் நியூரம்பெர்க்கில் மருத்துவர்கள் கூண்டில் நின்றபோது அவர்களுடைய வக்கீல்கள் ஹோம்ஸின் தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள். 'அமெரிக்காவும் செய்ததே, நாஜிகளுக்கே உரிய சட்டம் இல்லையே' என்ற அதே வாதம் பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராகத் திரும்பியது. நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்ற கணக்கில் ஜெர்மனி அவர்களைச் சேர்க்கவில்லை. அந்த நீதிமன்றங்களின் ஆணைகளைச் செல்லாதவை என்று சட்டம் அறிவித்தது 1998இல்தான்.

சர்வாதிகாரம் இருந்தால்தான் இது நடக்கும் என்று யாராவது சொன்னால் ஸ்வீடனைக் காட்டுங்கள். 1934இலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை, மக்களாட்சியில், நலத்திட்டங்களுக்குப் பேர்போன அரசின் கீழ், சுமார் 63,000 கருத்தடைகள். பெரும்பாலும் பெண்கள்.

'பக்' வழக்குக்கு என்ன ஆனது? 1942இல் 'ஸ்கின்னர் எதிர் ஓக்லஹோமா' வந்தது. ஜாக் ஸ்கின்னர் முதலில் கோழி திருடினார், அப்புறம் இரண்டு தடவை ஆயுதத்தோடு கொள்ளையடித்தார். மூன்று குற்றம் செய்தவருக்குக் கருத்தடை என்றது அந்த மாநிலத்தின் சட்டம். ஆனால் அலுவலகப் பணத்தைக் கையாடியவருக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. கோழி திருடுவது ரத்தத்தில் வரும், கணக்கில் கை வைப்பது வராது என்று சட்டமன்றம் முடிவு செய்திருந்தது போலும். உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. மணமும் மக்கட்பேறும் மனிதரின் அடிப்படை உரிமை என்று நீதிபதி டக்ளஸ் எழுதினார். அருமையான தீர்ப்பு, ஆனால் 'பக்'கை அது தொடவில்லை, இது வேறு அது வேறு என்று தள்ளிவைத்தது. இன்றுவரை 'பக்' முறைப்படி ரத்து செய்யப்படவில்லை. 2001இல்கூட ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டாயக் கருத்தடை எல்லாச் சமயத்திலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்பதற்கு அதை மேற்கோள் காட்டியது. அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களின் சட்டங்களால் 60,000க்கும் மேற்பட்டவர்கள் மலடாக்கப்பட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கலிபோர்னியாவில் மட்டும்.

சட்டங்கள் ஒவ்வொன்றாக நீங்கிய பிறகு, சம்மதப் படிவம் அந்த இடத்துக்கு வந்தது. 1973இல் அலபாமாவின் மான்ட்கமரியில் 14, 12 வயதுச் சகோதரிகள் இருவருக்கு, அரசு நிதியில் நடந்த ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியாக அறுவை செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஜெசல், அரசு நிதித் திட்டங்களில் வருடத்துக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ஏழைகளுக்குக் கருத்தடை நடப்பதாகக் குறித்தார். ஸ்லோவாக்கியாவில் ரோமா இனத்துப் பெண்ணிடம் பிரசவ வலியின் நடுவில் கையெழுத்து வாங்கினார்கள். 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த நாடு அவருடைய உரிமையை மீறியது என்றது. சம்மதம் என்ற சொல்லை ஒப்பந்தச் சட்டத்தில் எவ்வளவு பிரித்து மேய்கிறோம்! கட்டாயம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். அந்த வாரங்களில் ஒன்றில் இந்தப் பெருக்கல் குறியையும் வைத்துப் பேசலாமே.

இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்தது இதிலிருந்து வேறானது. அங்கே பேச்சு பரம்பரையைப் பற்றி இல்லை, எண்ணிக்கையைப் பற்றி. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் அறுவைகள். மத்தியில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் என்று ஒன்று வரவே இல்லை. மகாராஷ்டிரச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. இலக்கு எண்ணும் சுற்றறிக்கையும் நிறுத்திவைத்த சம்பளமுமே போதுமானதாக இருந்தன. 42ஆவது திருத்தம் பொதுப் பட்டியலில் 20ஏ என்று சேர்த்த 'மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பத் திட்டமிடலும்' என்ற வரி அந்தக் காலத்தில் வந்தது, இப்போதும் இருக்கிறது. 2009இல் 'சுசிதா ஸ்ரீவத்சவா' வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு விடுதியில் பலாத்காரத்தால் கருவுற்ற, மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகக் கருவைக் கலைக்கக்கூடாது என்றது. யூஜெனிக்ஸ் கொள்கையின் பெயரைச் சொல்லியே அதை நிராகரித்தது. விடுதியில் இருந்த ஒரு பெண், பலாத்காரம், கர்ப்பம். கேரியின் கதையை நினைக்காமல் அந்தத் தீர்ப்பை என்னால் படிக்க முடியவில்லை.

மறுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களையும் பாடத்தில் சேருங்கள். 1905இல், இந்தியானாவுக்கு இரண்டு வருடம் முன்பே, பென்சில்வேனியா சட்டமன்றம் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றி ஆளுநரிடம் அனுப்பியது. ஆளுநர் சாமுவேல் பென்னிபேக்கர் கையெழுத்துப் போட மறுத்தார், அங்கே அது சட்டமாகவில்லை. கால்டன் பிறந்த பிரிட்டனில் கருத்தடைச் சட்டமே வரவில்லை. 1931இல் கொண்டுவந்த மசோதாவை நாடாளுமன்றம் நுழைவாசலிலேயே தோற்கடித்தது. கையெழுத்துப் போடாமல் இருக்கவும் ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் எத்தனை உடல்கள் தப்பிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இழப்பீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. ஸ்வீடன் 1999இல், வடக்குக் கரோலினா 2013இல், வர்ஜீனியா 2015இல் கொடுக்க முன்வந்தன. வர்ஜீனியா தந்தது ஆளுக்கு 25,000 டாலர். கேரி 1983இலேயே இறந்துவிட்டார். ஆல்பர்ட்டாவில் முயர் ஜெயித்ததும் நூற்றுக்கணக்கானோர் வழக்குப் போட வந்தார்கள். 1998இல் அந்த மாகாண அரசு, உரிமைச் சாசனத்தையே ஓரம்கட்டும் சிறப்புப் பிரிவைப் பயன்படுத்தி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்க மசோதா கொண்டுவந்தது. மக்கள் கொதித்ததும் ஒரே நாளில் வாபஸ் வாங்கியது. ஜப்பானில் 20 வருடக் காலவரம்பு தாண்டிவிட்டது என்று சொல்லியே கீழ் நீதிமன்றங்கள் பலரைத் திருப்பி அனுப்பின. 2024 ஜூலை 3 அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றப்பட்ட நாளிலேயே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது, இப்படிப்பட்ட வழக்கில் அரசு காலவரம்பைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாது என்றது. காலவரம்புச் சட்டம் எடுப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அவசியம் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். பொய் சொல்லி மறைத்தவரே, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய் என்று கேட்கும் வழக்கு இது.

சரி, நான் கேட்பது பெரிய பாடத்திட்ட மாற்றம் ஒன்றும் இல்லை. 'பக் எதிர் பெல்' நடத்தும் அன்று ஹோம்ஸின் அந்த ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்தாதீர்கள். தீர்ப்பைக் கடைசியில் கொடுங்கள். முதலில் ஸ்ட்ரோட் வரைந்த சட்டத்தைக் கொடுத்து, இதில் நடைமுறைக் குறை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு கேஸ் கட்டைப் பிரித்து வையுங்கள், சாட்சியங்களையும் லாஃப்லினின் வாக்குமூலத்தையும் வாரியத்தின் குறிப்பையும். ஒரு வாரம் கொடுத்து, வைட்ஹெட் கேட்காமல் விட்ட கேள்விகளை ஒவ்வொரு மாணவரும் எழுதிவரட்டும். அந்தப் பெண்ணை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று லாஃப்லினுக்கு ஒரு கேள்வி. எட்டு மாதக் குழந்தையின் பார்வையில் எது சரியில்லை என்று சமூகப் பணியாளருக்கு ஒன்று. இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று வளர்ப்புத் தாய்க்கு ஒன்று. கேரியிடமே கேட்க வேண்டியவையும் இருக்கும், அவரை யாரும் முழுதாகப் பேசவிடவில்லை.

எழுதிவந்ததை எனக்கும் அனுப்பிவைத்தால் ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்களிடம் படித்த ஒரு பழைய மாணவன்